மூத்தம்மாவின் குரலும் எம்.பி.3 வந்த கதையும்

வீட்டு அலுமாரியில் கிடக்கும் கசட்டுகளையும் இறுவட்டுகளையும் கணினியில் ஏற்றிப் பாதுகாக்க வேண்டும் என்ற பேச்சு எமதூரில் இப்போது எழுந்திருக்கிறது. நல்ல விடயம். "எந்த வடிவத்தில் ஏற்றுவது சேர்?" என்று பழைய மாணவர்கள் கேட்கிறார்கள். பதில் ஒரு வரிதான். ஆனால் அதன் காரணம் விளங்க நாற்பது வருட வரலாறு தெரிய வேண்டும். அதற்கு முன் நாங்கள் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும்.

2000களின் தொடக்கத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து ஊரிலிருந்த கசட்டுகளை எம்.பி.3 ஆக மாற்றினோம். நாகூர் ஹனீபாவின் பாடல்கள், வானொலி முஸ்லிம் சேவையிலிருந்து பதிந்து வைத்தவை, ஒரு கல்யாண வீட்டில் பதிந்த பக்கீர் பைத், ஒரு மூத்தம்மா படித்த கவிகள். எல்லாம் ஒரே இறுவட்டில் அடங்க வேண்டும் என்று ஆகக் குறைந்த தரத்தைத் தெரிவு செய்தோம். வேலை முடிந்ததும் கசட்டுகளைக் குப்பையில் போட்டோம்.

ஹனீபாவின் பாடல்களை இன்றும் நல்ல தரத்தில் தேடி எடுக்கலாம். அந்த மூத்தம்மாவின் கவி வேறெங்கும் இல்லை. எம்மிடம் மிஞ்சிய பிரதியில் அவரது குரல் தகரப் பேணிக்குள் இருந்து வருவது போலக் கேட்கிறது. சில சொற்கள் விளங்கவே இல்லை. அவரும் இப்போது உயிரோடு இல்லை.

ஏன் இப்படியானது?

பிலிப்ஸ், சொனி நிறுவனங்கள் உருவாக்கிய இறுவட்டு 1982 ஒக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதில் ஒலி ஒரு செக்கனுக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட் எண்ணாகப் பதியப்படுகிறது. இரண்டு பக்க ஒலிக்கும் சேர்த்து ஒரு நிமிடத்துக்குப் பத்து மெகாபைட்டுக்கு மேல் வரும். அன்றைய கணினிகளுக்கு இது தாங்க முடியாத சுமை.

அதே காலத்தில் ஜேர்மனியின் ஏர்லாங்கன் நகரில் பேராசிரியர் டீட்டர் சைட்சர், தொலைபேசிக் கம்பி வழியே இசையை அனுப்ப வழி தேடிக்கொண்டிருந்தார். அவருடைய மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க் அந்த ஆய்வை முன்னெடுத்தார். அவர்கள் பிடித்துக்கொண்டது மனிதச் செவியின் ஒரு பலவீனத்தை. பலத்த ஒலி கேட்கும்போது அதனருகே உள்ள மெல்லிய ஒலி எமக்குக் கேட்பதில்லை. கேட்காததை ஏன் சேமிக்க வேண்டும்? எறிந்துவிடலாம். எம்.பி.3 இன் அடிப்படை இதுதான். ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனத்தில் வளர்ந்த இந்த முறைக்கு 1995 ஜூலையில் '.எம்பி3' என்ற பெயர் சூட்டப்பட்டது.

இதில் எமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பிராண்டன்பேர்க் தன் முறையைச் சோதிக்க எடுத்தவற்றில் ஒன்று, அமெரிக்கப் பாடகி சுசான் வேகா இசைக்கருவி எதுவுமின்றித் தனிக்குரலில் பாடிய பாட்டு. ஆரம்பத்தில் அந்தக் குரல் மோசமாகச் சிதைந்தது. பெரிய வாத்தியக் கூட்டத்துக்குள் பிழைகள் மறைந்துவிடும். தனிக்குரலில் மறைய இடமில்லை. எமது சேகரிப்பில் இருப்பவையோ பெரும்பாலும் தனிக்குரல்கள். கவி, பைத், தாலாட்டு. சுருக்கினால் முதலில் அடிபடுவது அவைதான்.

எம்.பி.3 ஐக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 56 கே மோடத்தில் நான்கு நிமிடப் பாட்டொன்றை இறுவட்டுத் தரத்தில் இறக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். 128 கிலோபிட் எம்.பி.3 ஆக இறக்கப் பத்து நிமிடம் போதும். 2001 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட முதல் ஐபொட்டில் இருந்த இடமே 5 ஜிகாபைட்தான். இடத்துக்கும் இணையத்துக்கும் பஞ்சம் நிலவிய காலத்தின் கருவி அது. பஞ்சம் போய்விட்டது. பழக்கம் மட்டும் எம்மோடு இருக்கிறது.

ஐபொட் வந்த அதே 2001 இல், ஜூலை மாதம், ஜோஷ் கோல்சன் என்பவர் 'ஃபிளாக்' என்ற வடிவத்தின் முதல் முழுப் பதிப்பை இலவசமாக வெளியிட்டார். இதுவும் சுருக்கும். ஆனால் எதையும் எறியாது. எம்.பி.3 என்பது பெட்டிக்குள் அடங்குவதற்காகச் சட்டையின் கையை வெட்டுவது. ஃபிளாக் என்பது சட்டையை ஒழுங்காக மடித்து வைப்பது. விரித்தால் முழுச் சட்டையும் திரும்ப வரும். மூல ஒலியின் கைரேகை போன்ற ஓர் எண்ணும் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். பத்து வருடம் கழித்தும் கோப்பு பழுதாகவில்லையா என்று அதை வைத்துச் சரிபார்க்கலாம். பாடியவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்பதையும் உள்ளேயே எழுதி வைக்கலாம். 2024 டிசம்பரில் இது ஆர்.எஃப்.சி. 9639 என்ற இலக்கத்தோடு இணையத் தரநிலை ஆவணமாகவும் வெளிவந்தது.

கணக்கும் பார்ப்போம். ஒரு மணி நேர இறுவட்டு சுமார் 635 மெகாபைட். ஃபிளாக் ஆக்கினால் பெரும்பாலும் அதில் பாதிக்குச் சற்று மேல். நூறு இறுவட்டுகள் ஒரு 64 ஜிகாபைட் பென் ட்ரைவுக்குள் அடங்கிவிடும்.

ஆகவே, கேட்டவர்களுக்கு எமது பதில்: முதற் பிரதியை ஃபிளாக்கில் எடுங்கள். கேட்கவும், வட்ஸ்அப்பில் பகிரவும் அதிலிருந்து எம்.பி.3 பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளாக்கிலிருந்து எம்.பி.3 க்கு எப்போதும் போகலாம். எம்.பி.3 ஐ ஃபிளாக் ஆக்கினால் கோப்புத்தான் பெருக்கும், எறிந்தது திரும்பாது. முதற் பிரதியை இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். எல்லாம் முடிந்த பிறகும் கசட்டை எறிந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. கடையில் வாங்கிய பாட்டுகளிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டாம். அவற்றின் பிரதி உலகில் எங்காவது இருக்கும். உங்கள் வாப்பாவின், உம்மாவின், மூத்தம்மாவின் குரல் பதிந்த கசட்டு எது என்று இன்றிரவே தேடிப் பாருங்கள். அதிலிருந்து தொடங்குங்கள்.