தேடி வந்த மரியாதை

நேற்றுக் காலை காபியும் கையுமாகக் கணினியைத் திறந்தேன். ஒரு கடிதம் காத்திருந்தது. 'பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே! தங்கள் ஒப்பற்ற கட்டுரையைப் படித்து வியந்தோம். எங்கள் பல் மருத்துவ ஆய்விதழுக்கு ஒரே ஒரு கட்டுரை குறைகிறது. பத்து நாளில் அனுப்பி உதவுங்கள்.' நான் ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் தாண்டிவிட்டது. என் மனைவிகூட இத்தனை மரியாதையாக என்னை அழைத்ததில்லை!

சிரித்துவிட்டு அழித்தேன். ஆனால் ஒரு காலத்தில் இதே மாதிரிக் கடிதத்தைப் பார்த்துப் பூரித்துப் போனவன்தான் நான்.

நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளில் நாம்தான் இதழைத் தேடிப் போக வேண்டும். தட்டச்சில் மூன்று பிரதி, பல் படங்கள் மடங்காமல் இருக்க நடுவில் அட்டை, பதிவுத் தபால். பதில் வர ஆறு மாதம் ஆகும். பெரும்பாலும் 'வருந்துகிறோம்' என்றுதான் வரும். கூடவே நிபுணர்கள் சுட்டிய குறைகள் இரண்டு பக்கம் இருக்கும். அந்தக் குறைகளைப் படித்துத்தான் நான் எழுதக் கற்றேன்.

கல்கத்தாவில் 1920-ல் பல் மருத்துவக் கல்லூரி தொடங்கிய டாக்டர் ஆர். அகமது, 1925-ல் நம் நாட்டில் இத்துறைக்கென்று இதழ் தொடங்கினார். அதன் பின் வெகுகாலம் ஆய்விதழ்கள் பெரும்பாலும் சந்தாவை நம்பியே நடந்தன. இணையம் வந்ததும், 'யாரும் இலவசமாகப் படிக்கட்டும், செலவை எழுதியவர் ஏற்கட்டும்' என்றொரு முறை பரவியது. நல்ல நோக்கம்தான். இன்றும் அப்படி நேர்மையாக நடக்கும் இதழ்கள் உண்டு. ஆனால் சிலருக்கு வேறு கணக்குப் புரிந்தது: திருப்பி அனுப்பும் ஒவ்வொரு கட்டுரையும் நஷ்டம்!

அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழக நூலகர் ஜெஃப்ரி பீல், 2010 வாக்கில் இவற்றுக்கு 'வேட்டையாடும் இதழ்கள்' என்று பெயர் வைத்துப் பட்டியல் போட்டார். 2013-ல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே பிழைகள் நிறைந்த போலிக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது பிற்பாடு. 2011-ல் என் முதுநிலை மாணவி ஒருத்தி, ஈறு நோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பை இரண்டு வருஷம் உழைத்து ஆராய்ந்திருந்தாள். அப்போதுதான் எனக்கு அந்தப் புகழ்ச்சிக் கடிதம் வந்தது. நம் பழைய கட்டுரையின் அடியில் அச்சாகும் மின்னஞ்சல் முகவரியை அள்ளித்தான் இவர்கள் வலை வீசுகிறார்கள் என்பது தெரியாமல், "அனுப்பும்மா" என்றேன். நாலே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு கமா கூடத் திருத்தவில்லை. பிறகு பில் வந்தது. உதவித்தொகையிலிருந்து கட்டினாள். துறையில் எல்லோருக்கும் நான் இனிப்புக் கொடுத்தேன்.

சில வருஷம் கழித்து ஒரு நேர்முகத் தேர்வில் அந்தக் கட்டுரையை மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை வெளியானது என்பதால் நல்ல இதழ்களும் வாங்க மறுத்தன. கடைசியில் அந்த இதழின் இணையதளமே காணாமல் போயிற்று. "பரவாயில்லை சார்" என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

2019-ல் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒமிக்ஸ் நிறுவனத்துக்கு எதிராக, 5 கோடி டாலருக்கு மேல் கட்டவேண்டும் என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிபுணர் பரிசீலனை பற்றிப் பொய் சொன்னது, கட்டணத்தை முன்கூட்டிச் சொல்லாமல் மறைத்தது என்பவை அதன் மீதான குற்றச்சாட்டுகள். தீர்ப்பு வந்த பிறகும் இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிற்கவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். இதழின் பெயரைக் கல்லூரி நூலகரிடம் ஒரு வார்த்தை விசாரிக்கச் சொல்லுங்கள். அன்று நான் செய்யாமல் விட்டது அது ஒன்றுதான். எங்கள் நூலகர் என் அறைக்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தார்.