சான்றும் காட்சியும்: காலநிலை ஆய்வு மக்கள் முன் வரும்போது

2018 டிசம்பரில் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் வெளியே 24 பனிப்பாளங்கள் கிடந்தன. கிரீன்லாந்தில் நூக் நகரை அடுத்த கடற்கழியில் மிதந்துகொண்டிருந்தவற்றை எடுத்துக் குளிர்பதனப் பெட்டிகளில் கொண்டுவந்திருந்தார்கள். கலைஞர் ஓலாஃபுர் எலியாசனும் நிலவியலாளர் மினிக் ரோசிங்கும் இணைந்து செய்த 'ஐஸ் வாட்ச்' அது. 2014இல் கோபன்ஹேகனிலும், 2015இல் காலநிலை மாநாட்டின்போது பாரிஸ் பாந்தியோன் சதுக்கத்திலும் 12 பாளங்களைக் கடிகார முகம்போல் வட்டமாக வைத்திருந்தனர். வந்தவர்கள் தடவிப் பார்த்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், காதை ஒட்டவைத்துக் கேட்டார்கள். உள்ளே சடசடவென்று மெல்லிய வெடிப்பு. பனி இறுகிய காலத்தில் அகப்பட்ட காற்று, குமிழ் உடைந்து வெளியேறும் ஓசை அது.

என் வாதம் அந்த ஓசையிலிருந்தே தொடங்குகிறது. அண்டார்க்டிகாவின் டோம் சி பகுதியில் துளையிட்டு எடுத்த பனித்தண்டுகளில், இதே போன்ற குமிழ்களின் காற்றை அளந்துதான் 8,00,000 ஆண்டுகளின் கரியமில வாயு வரலாறு தெரியவந்தது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்தது இன்று 420ஐத் தாண்டிவிட்டது. எனவே பாளத்தில் காது வைத்தவர், ஆய்வாளர் கையாளும் சான்றின் பக்கத்திலேயே நின்றார். பெரும்பாலான காலநிலைக் கண்காட்சிகள் இந்த இடத்தைத் தவறவிடுகின்றன. முடிவுகளை மட்டும் பெரிய பலகையில் அச்சிட்டு, விளக்கொளியில் அழகுபடுத்தி வைத்தால் போதும் என்று நம்புகின்றன. மக்களுக்குத் தகவல் பற்றாது, ஊட்டினால் தெளிந்துவிடுவார்கள் என்ற பழைய எண்ணம்தான் இதற்கு அடி.

ஆனால் சான்று தானே பேசிவிடாது. மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் கிட்டத்தட்ட உயர்வதே இல்லை. நிலத்தின்மேல் கிடக்கும் பனி கடலுக்குள் இறங்கும்போதுதான் உயர்கிறது. கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் ஏறும். பாளத்தைத் தொட்டுப் பார்ப்பதால் மட்டும் இந்த வேறுபாடு விளங்காது. பக்கத்தில் நின்று சொல்ல ஆள் வேண்டும்.

எதைக் காட்டுகிறோம் என்பதும் முக்கியம். பாரிஸ் மாநாட்டையொட்டி வைக்கப்பட்ட 37 கலைப்படைப்புகளைப் பார்த்த 874 பேரிடம் ஆய்வாளர்கள் லாரா சோம்மரும் கிறிஸ்டியன் க்ளோக்னரும் நடத்திய ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. பேரழிவைக் காட்டி மிரட்டியவற்றைக் காட்டிலும், வழி ஒன்றைக் காட்டிய ஒருசில படைப்புகளே பார்வையாளரின் உணர்வையும் சிந்தனையையும் அதிகம் கிளறின.

முன்பு சொன்னபடி ஆள் நின்று பேசுவதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கலைஞர் ஈவ் மோஷரின் 'ஹை வாட்டர் லைன்'. 2007இல் நியூயார்க்கில், விளையாட்டுத் திடலில் கோடு போடும் வண்டியைத் தள்ளிக்கொண்டு, கடல்மட்டத்துக்கு 10 அடி மேலே நீலச் சுண்ணக்கோடு ஒன்றைத் தெருத்தெருவாக இழுத்துச் சென்றார். புரூக்ளினிலும் கீழ் மன்ஹாட்டனிலும் ஏறத்தாழ 70 மைல். அதற்கு அரங்கமும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. 'என்ன கோடு இது?' என்று கேட்டவரிடம் வெள்ள அபாய ஆய்வுகள் சொல்வதை அங்கேயே நின்று விளக்கினார். ஆய்வறிக்கையில் வெறும் எண்ணாகக் கிடந்த உயரம் இங்கே ஒருவரின் கடைப்படியைத் தொட்டுச் சென்றது.

2012 அக்டோபரில் சாண்டி புயல் வந்தபோது அந்தக் கோட்டையொட்டிய பல தெருக்களில் கடல் ஏறியது. கணிப்பு பலித்ததைவிட, அதற்கு ஐந்தாண்டு முன்பே அத்தெருக்காரர்கள் தம் வாசலில் நின்றபடியே கேள்வி கேட்க முடிந்ததைத்தான் இப்படைப்பின் பெரும்பயனாக நான் கொள்கிறேன்.