பாவையும் பாலர் கல்வியும்

பாவை என்னும் சொல் தமிழில் இரு வேறு மரபுகளை உணர்த்தி நிற்கிறது. ஒன்று, கூத்தன் இயக்கும் பாவை. மற்றொன்று, சிறுமியர் விளையாட்டுப் பாவை. இவ்விரண்டும் இன்று பாலர் பள்ளிகளில் நிகழும் பாவைக்கூத்தில் ஒன்றுகூடுகின்றன. அவற்றுள் எதனை அடிப்படையாகக் கொள்ளுதல் தகும் என்பதனைக் காந்திகிராமத்தின் கல்வி நெறியோடு பொருத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூத்தன் பாவையை முதற்கண் நோக்குவோம். திருவள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் (1020) அதனை உவமையாக ஆள்கிறார். உள்ளத்தே நாண் இல்லாதார் இயங்குவது, கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருடையது போல மயக்குதலை ஒக்கும் என்பது அவர் கருத்து. நாண் என்னும் சொல் வெட்கத்தையும் கயிற்றையும் ஒருங்கே சுட்டும் நயம் ஈண்டு அறியத்தக்கது. இவ்வுவமையில் பாவை, பிறர் ஆட்ட ஆடும் வெறும் பொருளேயாம்.

விளையாட்டுப் பாவையோ இதனின் வேறுபட்டது. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தற் பகுதியில் இரு பாடல்கள் இதற்குச் சான்றாகும். ஒன்றில் (124), தன் மணற்பாவையைக் கடல் கவர்ந்தது கண்ட இளையள், நுண்மணலை வாரிக் கடலையே தூர்க்க முயல்கிறாள். மற்றொன்றில் (128), உண்ணாத பாவையை உண்பிக்கக் கருதிப் பாலில்லாத தன் மார்பை அதற்கு அளிக்கிறாள். இங்குக் கயிறும் இல்லை, கூத்தனும் இல்லை. பாவைக்கு உயிர் தருவது இளையோர் உள்ளமே.

தோற்பாவைக்கூத்திலும் இவ்வுள்ளத்திற்கு இடமிருந்தது. மராத்தியை வீட்டு மொழியாகக் கொண்ட மண்டிகர் இக்கலையைத் தமிழகத்தில் வழிவழியாகப் போற்றி வந்தனர். வெண்டிரைக்குப் பின்னே விளக்கேற்றி, ஆட்டுத்தோலாற் செய்த பாவைகளைக் கொண்டு இராமாயணத்தைப் பல இரவுகள் நடத்துவர். எல்லாப் பாத்திரங்களுக்கும் பெரும்பாலும் ஒருவரே குரல் மாற்றிப் பேசுவார். கதையின் இடையே உச்சிக்குடுமியும் உளுவத்தலையனும் தோன்றி, ஊர்ப் பேச்சில் நகையாடுவர். காவியம் முதியோர்க்கு, இவ்விருவரும் சிறுவர்க்கு என்று கூறினும் அமையும்.

இனிக் கல்வி வரலாற்றுக்கு வருவோம். 1937-இல் வார்தாவில் வகுக்கப்பட்ட ஆதாரக் கல்வி, கைத்தொழிலைக் கல்வியின் நடுவே வைத்தது. 1945-இல் சேவாகிராமத்தில் நிகழ்ந்த மாநாடு அந்நெறியை வாழ்நாள் முழுமைக்கும் விரித்தமையால், பள்ளிப் பருவம் எய்தாத குழந்தையர்க்கும் அதன்கண் இடம் அமைந்தது. டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளபட்டியை அடுத்து நிறுவிய காந்திகிராமம் இந்நெறியின் வழிவந்ததாகும். 1956-இல் அங்குத் தோன்றிய கிராமிய உயர்கல்வி நிலையம், 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. செய்து கற்றல் என்பதே இந்நெறியின் உயிர்நிலை.

பாவையைக் கற்பிக்கும் கருவியாகக் கொள்ளும் முயற்சி பிற இடங்களிலும் வளர்ந்தது. மாஸ்கோவில் 1931-இல் தோன்றிய நடுவண் பாவை அரங்கு, ஒப்ரஸ்த்சோவ் தலைமையில் உலகப் புகழ் பெற்றது. அலகாபாத்தில் 1953-இல் வெல்தி பிஷர் அம்மையார் தொடங்கிய எழுத்தறிவு இல்லம், முதியோர் கல்விக்குப் பாவைகளைப் பயன்படுத்திற்று. 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் தொடங்கப்பெற்றபின், அங்கன்வாடிகள் ஊர்தோறும் பரவின. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் முன்பருவக் கல்விக்கு உரியனவற்றுள் நாடகத்தோடு பாவைக்கலையையும் வைத்து எண்ணுகிறது.

ஆயினும், முதியோர்க்குச் செய்தி அறிவிக்கும் முறையை மழலையர்க்கு அவ்வாறே கொள்ளுதல் பொருந்துமா? கை கழுவுக, பொய் சொல்லாதே எனப் பாவையின் வாயால் ஆசிரியர் அறிவுரை கூற, குழந்தைகள் கைகட்டிக் கேட்டிருப்பாராயின், அங்கே பாவையாவார் குழந்தைகளே. ஒருவர் ஆட்ட மற்றவர் ஆடும் அந்நிலை, குறள் காட்டும் மரப்பாவையின் நிலையன்றிப் பிறிதன்று.

இதற்கு மாற்று, ஐங்குறுநூற்றுச் சிறுமியரிடமே உளது. பாவையைக் குழந்தையே செய்தல் வேண்டும். சின்னாளபட்டி நெசவூர், அங்குத் துணித்துண்டுகளுக்குக் குறைவில்லை. சிரட்டையும் பனையோலையும் களிமண்ணும் திண்டுக்கல் வட்டாரத்து ஊர்களில் எளிதிற் கிடைப்பன. மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ளார்க்குக் கால்மணி நேரக் கூத்தே போதும். உச்சிக்குடுமி தவறாக எண்ணினால், திரைக்கு முன்னிருந்து அவனைத் திருத்துவோர் குழந்தைகளாதல் வேண்டும். பிழைபடுவோன் பாவையாகவும் அறிந்தோன் குழந்தையாகவும் நிற்கும்பொழுது அச்சம் நீங்கிச் சொல் பிறக்கும்.

எனவே, பாலர் பள்ளிப் பாவைக்கூத்துக்குத் தோற்பாவை மரபு நகையையும் குரலையும் தரும். சங்க மரபு அதன் கருத்தைத் தரும். ஆதாரக் கல்வி கைவினையைத் தரும். இம்மூன்றும் கூடிய வழியே அது கல்வியாகும் என்பது எம் துணிபு.