வாயிலில் வைத்த தண்ணீர்

2020 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 29 ஆந் திகதி காலை, கொரோனா நோயால் மூன்றரை மாத காலம் மூடிக் கிடந்த இலங்கைப் பாடசாலைகள் திறக்கப்பட்டபோது, கல்முனைக் கரையோரத்திலும் முதலில் உள்ளே காலடி வைத்தவர்கள் மாணாக்கர் அல்லர். அதிபர்களும், உபாத்தியாயர்களும், எழுதுவினைஞர்களும், காவலாளிகளுமே. பிள்ளைகளின் ஆரவாரம் இல்லாத பாடசாலையில் இவர்களுக்கு என்ன அலுவல் என்று கேட்கத் தோன்றலாம். கச்சான் காற்று வாரி இறைத்த மணலைக் கூட்டி வகுப்பறைகளைக் கழுவுவதும், மேசை கதிரைகளை ஒரு மீற்றர் இடைவெளியில் நிரைப்படுத்துவதும், வாயிலருகே தண்ணீர்க் குழாய்களைப் பொருத்திச் சவர்க்காரம் வைப்பதும், காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தனியே இருத்துவதற்கு ஓர் அறையை ஒதுக்குவதும் அந்த ஒரு வாரத்துக்குரிய பணிகளாக அவர்களுக்கு விதிக்கப்பட்டிருந்தன. ஜூலை 6 ஆந் திகதி 5, 11, 13 ஆந் தரங்களின் பிள்ளைகள் வருமுன்னர் எல்லாம் ஆயத்தமாக வேண்டும்.

இவ்விதிகள் யாவும் கொழும்பிலிருந்து சுற்றறிக்கையாக வந்தவை. ஆயினும் அவை வந்து விழுந்த இடம் வெறும் தரிசன்று. நோய்க்கு முன்னே கை கழுவுவதும், நோயுள்ள ஊரிலிருந்து விலகி நிற்பதும் இக்கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் நெடுங்காலச் சம்பிரதாயம்; நோயைச் சட்டத்தினால் மறிப்பது அரசாங்கத்தின் நூற்றாண்டு கடந்த வழக்கம். தனித்தனியே ஓடி வந்த இவ்விரு நீரோட்டங்களும் பாடசாலை வாயிலில் எவ்வாறு கலந்தன என்பதும், கலக்கும்படி செய்தவர் யார் என்பதும் ஆராயத் தக்கவை.

முன்னதாகச் சம்பிரதாயத்தைப் பார்ப்போம். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய ஊர்களில் ஒரு பிள்ளையின் கல்வி அரசினர் பாடசாலையில் ஆரம்பிப்பதன்று. லெப்பையிடம் குர்ஆன் ஓதப் போவதிலேதான் அது ஆரம்பமாகிறது. அங்கே அலிபு என்னும் முதலெழுத்தைப் படிக்குமுன்னரே பிள்ளை பழகிக் கொள்ளும் பாடம் வுழு. மணிக்கட்டு வரை கைகள், வாய், நாசி, முகம், முழங்கை வரை கைகள், பின்னர் தலை, கால்கள் என்று ஒழுங்கு பிசகாமல் கழுவாதவன் வேதத்தைத் தொடலாகாது என்னும் நியமம், சுத்தம் படிப்புக்கு முந்தியது என்ற எண்ணத்தை ஐந்து வயதிலேயே பதித்துவிடுகிறது. பள்ளிவாசல்களின் முன்றிலில் இருந்த ஹவுள் என்னும் தண்ணீர்த் தொட்டி இவ்வெண்ணத்தின் பிரத்தியட்ச வடிவம்.

கொள்ளைநோய் பற்றியும் மார்க்கத்தில் தெளிவான வழிகாட்டல் உண்டு. கி.பி. 639 இல் சாம் (சிரியா) தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவிய காலத்தில், அத்திசை நோக்கிப் பயணஞ் செய்த கலீபா உமர் அவர்கள் எல்லையிலுள்ள சர்க் என்னுமிடத்திலிருந்து மதீனாவுக்குத் திரும்பிய வரலாற்றை மௌலவிமார் பிரசங்கங்களில் எடுத்துச் சொல்வதுண்டு. நோயுள்ள ஊருக்குள் புகவும் வேண்டாம், அவ்வூரில் இருப்பவர் வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழி அச்சமயத்தில் நினைவூட்டப்பட்டது என்பது அவ்வரலாற்றின் சாரம். இதற்கு அயலிலே கிராமத்து அனுபவம் வேறொரு பாடத்தைக் கற்பித்தது. கொப்புளிப்பானோ சின்னமுத்தோ கண்ட பிள்ளையைத் தனியறையிற் கிடத்தி, வருவோர் போவோரைக் குறைத்து, பாடசாலைக்கு அனுப்பாது வைத்திருப்பதைத் தமிழர் வீடுகளும் முஸ்லிம் வீடுகளும் ஒன்றுபோலவே செய்துவந்தன; கிருமியின் பெயரை அறியுமுன்னரே விலகியிருத்தலின் பயனை ஜனங்கள் அறிந்திருந்தார்கள்.

இனி மற்றைய ஓட்டம். 1896 இல் பம்பாயிலே பிளேக் நோய் தலைகாட்டியபோது, கப்பல்களாலும் தொழிலாளர் வரவாலும் இந்தியாவோடு பிணைக்கப்பட்டிருந்த இலங்கையின் ஆங்கில அரசாங்கம் கலக்கமுற்றது. மறு ஆண்டிலே பிறந்தது தான் தொற்றுத்தடுப்பு மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம், 1897 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கம். 1914 இல் பிளேக் கொழும்பிற் புகுந்தபோதும், சட்டம் பிறந்து நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகிக் கொரோனா வந்தபோதும் அதிகாரிகள் கையில் எடுத்தது அந்தப் பழைய சட்டத்தையே. வாளைப் போன்ற அச்சட்டத்துக்குப் பக்கத்தில் மெல்லிய கரமொன்றும் வளர்ந்தது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டு, அதன் வழியே சுகாதார வைத்திய அதிகாரியும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், குடும்ப நல மருத்துவ மாதும் கிராமங்களுக்குள் வரலானார்கள். பிள்ளைகளை ஒரே இடத்திற் காண வேண்டுமாயின் பாடசாலைக்கே வர வேண்டும். ஆகவே தடுப்பூசியும், பூச்சி மருந்தும், பல்லும் கண்ணும் பார்க்கும் பரிசோதனையும் வகுப்பறையைத் தேடி வந்தன. ஊசிக்குப் பயந்து அழும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் யார்? உபாத்தியாயரே. அரசாங்கத்தின் மருந்துக்கும் ஊரவரின் நம்பிக்கைக்கும் நடுவே அவர் நின்ற ஸ்தானம் அன்றே நிச்சயமாகிவிட்டது.

கல்முனைப் பகுதியில் அந்த ஸ்தானம் எளிதில் வாய்த்ததன்று. மிஷன் பாடசாலைகளே நவீன கல்விக்கு வழி திறந்த காலத்தில், மதம் மாறிவிடும் என்ற அச்சத்தால் முஸ்லிம் பெற்றோர் பின்னின்றனர். 1941 இல் அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை தோன்றியதும், இரண்டாம் உலக யுத்தத்தின் நெருக்கடியில் உணவு உற்பத்தியைப் பெருக்க 1942 இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் வந்து, வயலோடு கல்வியையும் வளர்க்க முனைந்ததும், 1945 இல் வந்த இலவசக் கல்வியின் பயனை ஊர் நுகரத் தொடங்கியதும், 1949 இல் கல்முனை ஸாஹிறாக் கல்லூரி உதயமானதும் ஒன்றன்பின் ஒன்றாய் நிகழ்ந்தவை. ஒரு தலைமுறைக்குள் ஊர்ப்பிள்ளைகளே ஊருக்கு ஆசிரியராயினர். விண்ணப்பம் எழுதுவோரும், வந்த கடிதத்தை வாசித்துச் சொல்வோரும், தேர்தலில் வாக்குச்சாவடி நடத்துவோரும், பள்ளிவாசல் நிருவாகத்தில் ஆலோசனை சொல்வோரும் ‘சேர்’ என்றும் ‘டீச்சர்’ என்றும் அழைக்கப்பட்ட இவர்களே. சட்டம் அயலார் வாயால் வருவதற்கும், தன் மகனுக்கு எழுத்தறிவித்தவர் வாயால் வருவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

பாடசாலையை மீளத் திறப்பதிலும் இவ்வூர்களுக்குத் துயரம் தோய்ந்த பழக்கம் உண்டு. 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கியபோது, இலங்கையில் மிகப் பெரிய உயிரிழப்பைக் கண்டது இவ்வூர்கள் அடங்கிய அம்பாறை மாவட்டமே. மருதமுனை தொடங்கிச் சாய்ந்தமருது, காரைதீவு வரை கடலோரக் குடியிருப்புகள் அழிந்தன. எஞ்சிய பாடசாலைகள் அகதி முகாம்களாயின. வகுப்பறைகளில் குடும்பங்கள் தங்கியிருக்க, குடிநீர் கெட்டு வாந்திபேதி வந்துவிடுமோ என்ற பயத்தோடு நீரைக் கொதிக்க வைக்கச் சொல்லியும் மலசல கூடங்களைக் கழுவச் செய்தும் திரிந்தவர்களுள் தம் உறவினரை அப்போதுதான் இழந்திருந்த ஆசிரியர்களும் இருந்தார்கள். பின்னர் 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களும், அதே மாதம் 26 ஆந் திகதி சாய்ந்தமருதுவில் வெடித்த குண்டுகளும் நாட்டை உலுக்கிய பின், மே மாதத்தில் இரண்டாந் தவணை தொடங்கியபோது, ஆசிரியரும் பெற்றோரும் வாயிலில் நின்று புத்தகப் பைகளைத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு அதே வாயிலில் அதே ஆசிரியர் வெப்பமானியோடு நின்றார். பையைச் சோதித்தவர் நெற்றியைச் சோதித்தார். முன்னதில் சந்தேகமும் பின்னதில் பரிவும் மேலோங்கி நின்றன என்பதே பேதம்.

2020 இன் கிரமத்தை இப்போது விரித்துக் கூறலாம். ஜூலை மாதத்துக் கச்சான் வெயிலில் நடந்து வந்த பிள்ளையின் நெற்றி சுடுவது இயல்பு. அதைக் காய்ச்சல் என்று கொண்டு திருப்பி அனுப்பிவிடாமல் மரநிழலிற் சற்று இருத்தி மீண்டும் அளப்பதற்கு, கருவியைக் காட்டிலும் பொறுமை வேண்டும். வுழுவுக்குத் தண்ணீர் போதும். ஆனால் கொரோனாக் கிருமியைச் சூழ்ந்திருக்கும் கொழுப்புப் படலத்தைக் கரைப்பது சவர்க்காரமே, அதுவும் இருபது விநாடியாவது தேய்த்தால்தான் என்று கற்பிக்க வேண்டும். ஸலாம் சொல்லிக் கைகொடுக்கும் முஸாபஹாவை விட்டு, கையை நெஞ்சில் வைத்து முகமன் கூறப் பழக்க வேண்டும். நெருங்கி இருந்த வாங்குகளைப் பிரித்து வைக்க வேண்டும். இடைவேளையில் ஒருவர் கடித்ததை மற்றவர் வாங்கித் தின்னும் பிள்ளைப் பருவத்து உறவை மறிக்க வேண்டும். சிற்றுண்டிச்சாலையையும் காலைக் கூட்டத்தையும் நிறுத்தி வைக்க வேண்டும். அம்மாதத்துக்கு முன்னரே பள்ளிவாசல்கள் வரையறையோடு திறக்கப்பட்டு, வீட்டிலேயே வுழுச் செய்து தொழுகை விரிப்பையும் கையோடு கொண்டு வரும்படி ஜமாஅத்தாருக்கு அறிவிக்கப்பட்டிருந்தமையால், விலகி நிற்கும் வித்தையில் ஊர் ஓரளவு தேறியிருந்தது.

ஆயினும் திறப்பும் மூடலும் அலையடிப்பதுபோல் மாறி மாறி வந்தன. கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையத்தில் தொற்றுப் பரவியதால் ஜூலை 13 இல் பாடசாலைகள் மூடப்பட்டன. 27 இல் உயர் தரங்களுக்குத் திறக்கப்பட்டன. ஆகஸ்டில் ஏனையோரும் வந்தனர். ஒக்டோபரில் மினுவாங்கொடையில் எழுந்த தொற்றுக் கொத்தணி மறுபடியும் எல்லாவற்றையும் மூடிற்று. நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றுச் சந்தையை மையமாகக் கொண்டு தொற்றுப் பரவி அவ்வூர் தனிமைப்படுத்தப்பட்டபோது, கொழும்பின் செய்தியாக இருந்த நோய் அயல்வீட்டுச் செய்தியாயிற்று.

அக்காலத்தில் இவ்வூர்களின் மனத்தை அரித்த வேறொரு வேதனையை மறைப்பது சரித்திரத்துக்கு நியாயமாகாது. நோயால் இறந்தவர் எவராயினும் தகனஞ் செய்யப்பட வேண்டும் என்ற விதி 2020 ஏப்ரலில் வர்த்தமானி மூலம் வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தும், 2021 பெப்ரவரி இறுதி வரை அவ்விதி நீடித்தது. மார்ச் மாதத்திலேயே ஓட்டமாவடி மஜ்மா நகரில் ஜனாஸாக்களை (இறந்தோர் உடல்களை) அடக்க இடம் கிடைத்தது. மையித்தைக் குளிப்பாட்டி மண்ணுக்கு ஒப்படைப்பதைக் கடமையாகக் கொண்ட ஜனங்கள், நோய் என்று சொன்னால் என்ன நேருமோ என்று அஞ்சிப் பரிசோதனைக்குத் தயங்கியதில் வியப்பில்லை. நியமங்கள் நிறைவேறுவது நம்பிக்கையினாலேயே. விஞ்ஞானத்தின் பெயரால் ஒரு விதி அநியாயமாக வந்துவிட்டால், நியாயமான மற்றைய விதிகளும் ஜனங்களின் கண்ணிற் சந்தேகத்துக்குரியனவாகின்றன. பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதை மறைக்காமற் சொல்லுங்கள் என்று ஒரு தாயிடம் ஆசிரியை கேட்கும்போது, அந்தச் சந்தேகத்தின் பாரம் முழுவதையும் தாங்க வேண்டியவர் சட்டமியற்றியவர் அல்லர், அந்த ஆசிரியையே.

இடையே திறந்து, 2021 ஏப்ரல் இறுதியில் மூன்றாவது அலையோடு மீண்டும் மூடிய பாடசாலை வாயில்கள், ஆசிரியர்களுக்குத் தடுப்பூசி ஏற்றப்பட்ட பின், ஒக்டோபர் 21 ஆந் திகதி, இருநூறுக்குக் குறைந்த மாணாக்கர் கொண்ட பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகளுக்கே முதலில் திறந்தன. சம்பள முரண்பாட்டை முன்னிட்டு ஜூலை முதலே போராடிக்கொண்டிருந்த ஆசிரியர்கள் அன்று வராமல், 25 ஆந் திகதியே கடமைக்குத் திரும்பினர். அவர்களைத் தியாகத்தின் திருவுருவங்கள் என்று புகழ்ந்துவிட்டு, அவர்களுடைய வயிற்றுப்பாட்டை மறந்துபோவது நம்மவரின் பழைய வழக்கம். சரித்திரம் இரண்டையும் ஒரே ஏட்டில் எழுத வேண்டும். நவம்பர் 8 இல் 10 முதல் 13 வரையான தரங்களும், 22 இல் 6 முதல் 9 வரையான தரங்களும் வந்து சேரப் பாடசாலை நிறைந்தது.

கொள்ளைநோய் நீங்கினால் அதன் அடையாளங்களும் விரைவில் நீங்கிவிடுகின்றன. விலகி நிற்பதற்காக நிலத்திலே வரைந்த வெள்ளை வட்டங்களை மாரி மழை அழித்துவிடும். வெப்பமானி அலுமாரியிற் கிடக்கும். வாயிலருகே பொருத்திய தண்ணீர்க் குழாய் மாத்திரம் அத்துணை எளிதில் மறைவதன்று. முதலாந் தரத்துப் பிள்ளையொன்று இடைவேளையில் அங்கே சென்று, சவர்க்காரம் தேய்த்து, லெப்பையிடம் பழகிய முறைப்படியே மணிக்கட்டு வரை மும்முறை கழுவுமாயின், அது 1897 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியோ, ஹவுளின் கரையிற் கற்ற அனுஷ்டானமோ என்று அப்பிள்ளைக்குத் தெரியாது. டீச்சர் சொன்னார் என்பது மாத்திரம் தெரியும்.