பின்னால் பார்க்காத கேமரா

2012 மார்ச் 25, ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவின் செபாங்கில் நல்ல மழை. நரேன் கார்த்திகேயன் ஓட்டிய எச்ஆர்டி, அந்த வருஷத்தின் ஆக மெதுவான கார்களில் ஒன்று. ஆனால் கனமழைக்கான டயரோடு கிளம்பியிருந்ததால், மழை வலுத்துப் பந்தயத்தை நிறுத்தியபோது அவர் 10-ஆவது இடத்தில் நின்றார். பாளையங்கோட்டையில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அதுவே தீபாவளி. அப்புறம் மழை விட்டது. நரேனும் பழையபடி பின்னுக்குப் போனார்.

சுமார் பத்துச் சுற்று மிச்சமிருக்கையில், உலக சாம்பியன் செபாஸ்டியன் வெட்டல் அவரை ஒரு சுற்று முந்திக் கடந்தார். கடக்கும்போது வெட்டலின் இடது பின்டயர் நரேனின் காரில் உரசிக் கிழிந்தது. நான்காவதாக ஓடிக்கொண்டிருந்தவர் 11-ஆவதாக முடித்தார். நரேனுக்கு 20 விநாடி தண்டனை. வெட்டல் அவரை மடையன் என்கிற தொனியில் திட்டினார். நரேன் தன்மேல் தப்பில்லை என்றார். அதே பந்தயத்தில் ஜென்சன் பட்டனும் நரேன்மேல் மோதினார், தப்பு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். அது யாருக்கும் ஞாபகமில்லை. வெட்டல் விவகாரம்தான் நின்றது.

யார் தப்பு என்பதை நான் இங்கே தீர்க்கப்போவதில்லை. அந்த நிமிஷத்தை நாம் யார் கண்ணால் பார்த்தோம் என்பதுதான் என் கேள்வி. காருக்குள்ளிருந்து பார்க்கும் கேமராவின் வரலாறு பெரும்பாலும், முன்னால் பார்க்கிற கண்ணின் வரலாறு.

1956-இல் மைக் ஹாதார்ன் ஒரு ஜாகுவார் டி-டைப்பில் கேமராவையும் மைக்கையும் கட்டிக்கொண்டு, லெ மான் பாதையைப் பேசிக்கொண்டே சுற்றிக் காட்டினார். அது பந்தயம் அல்ல, ஃபிலிமில் எடுத்த உலா. பந்தயத்தின் நடுவிலிருந்து நேரலையாக வந்ததில் பேர்பெற்றது 1979-இல் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட். சேனல் 7 தன் கேமராவை பீட்டர் வில்லியம்சனின் டொயோட்டா செலிகாவில் பொருத்தியது. காரிலிருந்து கிளம்பும் சமிக்ஞையை மேலே ஒரு ஹெலிகாப்டர் வாங்கிக் கீழே அனுப்பும். ஓட்டிக்கொண்டே அவர் வர்ணனையாளர்களோடு பேசவும் செய்தார். எஃப்1-க்கு இது வந்தது 1985 ஜெர்மன் பந்தயத்தில். ரெனோ தன் மூன்றாவது காரில் கேமராவை வைத்து ஃபிரான்சுவா எனோவிடம் கொடுத்தது. ஜெயிக்கப் போகிற காரில் அந்தப் பாரத்தை ஏற்ற யாருக்கு மனசு வரும்? கார் பாதியிலேயே நின்றுபோனது வேறு விஷயம்.

பிறகு கேமரா சுருங்கி, எல்லாக் கார்களுக்கும் வந்தது. நமக்குப் பழகிய காட்சி ஓட்டுநரின் தலைக்கு மேலே, காற்று உள்ளே போகிற துளையின் உச்சியில் இருக்கும் கேமராவிலிருந்து வருவது. அதை 'டிரைவர் பார்க்கிற மாதிரி' என்று சொல்கிறோம். நிஜத்தில் அவர் அதற்கு ரொம்பக் கீழே, ஏறக்குறைய படுத்துக்கொண்டு, இரண்டு முன்டயர்களுக்கு நடுவே பாதையைப் பார்க்கிறார். தன் காரின் முன்சிறகு அவருக்கே சரியாகத் தெரியாது. பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு கண்ணாடிகள், அதுவும் நடுங்கிக்கொண்டிருக்கும்.

முந்துகிறவருக்கு இந்தக் கேமரா போதும், அவர் கதை முன்னால் இருக்கிறது. பின்தங்கியவரின் கதை முதுகுக்குப் பின்னால். நீலக்கொடி காட்டிவிட்டால் அவர் வேலையே கண்ணாடியைப் பார்ப்பதுதான். திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் போகிற தனியார் பஸ்ஸில், டிரைவர் பக்கத்து இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்து போனவர்களுக்கு இது புரியும். பின்னால் அடுத்த டைம் பஸ் நெருங்கிவிட்டால் டிரைவரின் கண் ரோட்டில் பாதி, சைடு கண்ணாடியில் பாதி. கண்டக்டர் வேறு, "அண்ணாச்சி, வந்துட்டான், வந்துட்டான்!" என்பார். முன்கண்ணாடி வழியாக மட்டும் படம் பிடித்தால் காலியான ரோடும் வீரவநல்லூர் வயலும்தான் விழும். டிரைவருக்கு ஏன் வேர்க்கிறது என்று தெரியாது. செபாங்கில் நரேனின் தலைக்கு மேலிருந்து முன்னால் பார்த்தால், வெட்டல் பக்கத்தில் வந்து நிற்கிறவரை வெறும் ஈர ரோடுதான். வெட்டலின் தலைக்கு மேலிருந்து பார்த்தாலோ நரேன் ஒரு இடைஞ்சல்.

நிஜமாகவே கண் மட்டத்துக்குக் கேமரா இறங்கியது சமீபத்தில். 2021 பெல்ஜியம் பந்தயத்தில் ஃபெர்னாண்டோ அலோன்சோவின் ஹெல்மெட்டுக்குள், கண்ணுக்குப் பக்கத்து மெத்தையில், நுணுக்கமான ஒரு கேமரா வைத்தார்கள். 2023-இலிருந்து எல்லா ஓட்டுநர்களுக்கும் கட்டாயம். பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது. மேலிருந்து வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரிந்த கார், உள்ளே இப்படியா உதறுகிறது! ஆனால் இதுவும் தலை திரும்பினால்தான் திரும்பும். தலை அசையாமல் விழி மட்டும் கண்ணாடிக்குப் போய்வருவதைக் காட்டாது. நரேன் எஃப்1-ஐ விட்டது 2012-இல். இந்தக் கேமரா வந்தபிறகு எந்த இந்தியரும் எஃப்1 பந்தயம் ஓட்டவில்லை.

நம் ஊர்ப் பையன்கள் இப்போது பார்ப்பது அஜித்தின் பந்தயங்களை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் அவர் கார் தடுப்பில் மோதிச் சுழன்றதே, அந்த வீடியோவைப் பார்க்காத போன் திருநெல்வேலியில் இருக்காது. அது வெளியிலிருந்து எடுத்தது. காருக்குள் இருக்கிற கேமரா ரசிகனுக்குச் சரிப்படாது, அதில் முகமே கிடையாது. கையுறை, ஸ்டியரிங், முன்னால் போகிறவனின் பின்பக்கம், அவ்வளவுதான். நாலு பேர் மாறி மாறி ஓட்டுகிற பந்தயத்தில், சக்கரத்தைப் பிடித்திருப்பது தல-தானா என்றே அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. நமக்கு முகம் வேணும். அதே ஏப்ரலில் இங்கே ஒரு தியேட்டர் வாசலில் இருநூறு அடிக்கு மேல் உயர்த்திய அவருடைய கட்-அவுட், படம் வருவதற்கு முன்பே சரிந்து விழுந்தது.

ஆனால் 24 மணி நேரப் பந்தயத்தில் பல வகுப்புக் கார்கள் ஒரே பாதையில் ஓடும். மெதுவான வகுப்புக்காரரை ராத்திரி பூரா யாராவது முந்திக்கொண்டே இருப்பார்கள். அதனால் இந்தக் கார்கள் பலவற்றில் பின்னால் பார்க்கிற கேமராவும், டிரைவருக்கு எதிரே அதற்கொரு சின்னத் திரையும் உண்டு. இருட்டில் அதில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தோன்றிப் பெரிதாகிக்கொண்டே வரும். ஒளிபரப்பில் எனக்கு அதைக் காட்டினால் போதும்.