கொத்தரிசியும் உருளைக்கிழங்கும்: சிக்கனத்தின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

புகலிடச் சஞ்சிகைகளில் நாம் எழுதாத விடயங்கள் குறைவு. தேசிய இனப்பிரச்சினை, சாதியம், பெண்ணிலைவாதம், பின்நவீனத்துவம் என்று எல்லாவற்றையும் விவாதித்துக் களைத்திருக்கிறோம். ஆனால் அடுப்படியின் வரலாற்றை எழுதியவர்கள் எம்மிடையே மிகச் சிலரே. அரிசி விலை ஏறியபோது எங்கள் வீடுகளில் எதைச் சமைத்தார்கள், யார் குறைத்துச் சாப்பிட்டார்கள், விடியப்புறம் கியூவில் யார் நின்றார்கள் என்பனவெல்லாம் 'வீட்டு விடயங்கள்' என ஒதுக்கப்பட்டுவிட்டன. இலங்கையில் ஒரு பிரதம மந்திரி பதவியை விட்டுப் போனதே அரிசி விலையினாற்தான் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக நின்றுவிட்டது.

அண்மைக்காலமாக எம்மவர் கூடும் இடங்களிலெல்லாம் விலைவாசியே பேச்சு. சுவிசில் 2022ஆம் ஆண்டின் பணவீக்கம் 2.8 சதவீதம், 2023இல் 2.1 சதவீதம். கேட்பதற்குச் சிறிய எண்கள்தான். மருத்துவக் காப்புறுதியும் வீட்டு வாடகையும் போக மிஞ்சுவதைக் கொண்டு மாதத்தை ஓட்டுபவருக்கு அவை சிறிய எண்கள் அல்ல. அதே 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. இங்கே மிச்சம் பிடித்ததை அங்கே அனுப்ப வேண்டிய காலமாகவும் அது இருந்தது. இத்தகைய பேச்சுக்கள் பெரும்பாலும் ஒரே வசனத்தில்தான் முடிகின்றன: "பொருளாதாரத் தடைக்குள்ளேயே ஒடியல் கூழ் குடிச்சுச் சீவிச்ச சனம் நாங்கள். எங்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே?" இந்த வசனத்தைத்தான் இக்கட்டுரை விசாரிக்க விரும்புகிறது. அது முழுப்பொய் அல்ல. ஆனால் அதற்குள் பலருடைய கதை மறைக்கப்பட்டிருக்கிறது.

எமது நவீன சிக்கனத்தின் தொடக்கத்தை 1942இல் வைக்கலாம். அந்த ஆண்டு மார்ச்சில் ரங்கூன் யப்பானியரிடம் வீழ்ந்தது. தேயிலையும் இறப்பரும் ஏற்றுமதி செய்து, பர்மாவிலிருந்து அரிசி வாங்கித் தின்னும்படி காலனித்துவம் பழக்கி வைத்திருந்த நாட்டுக்கு அரிசிக் கப்பல் நின்றுபோனது. பங்கீடு வந்தது. கூப்பனும் வந்தது. கூட்டுறவுப் பண்டகசாலைகள் ஊரூராகப் பெருகின. 'சங்கக்கடை' என்ற சொல் எங்கள் நாளாந்தப் பேச்சில் ஊன்றியது இக்காலத்திற்தான். கோதுமை மாவும் மரவள்ளிக்கிழங்கும் அரிசியின் இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டன. பின்னாளில் 'அமெரிக்கன் மா' என்று நாங்கள் அழைத்த அந்த வெள்ளை மா, பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் ரொட்டிக்கும் உரியதாகி, எங்கள் பாரம்பரிய உணவு என்றே நம்பப்படும் அளவுக்கு ஊறிப்போனது. பாரம்பரியம் என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பகுதி பங்கீட்டுக் கடையின் கொடை என்பது சிலருக்குக் கசக்கக்கூடும்.

1953இல் டட்லி சேனநாயக்காவின் அரசு கூப்பன் அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. நிதியமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்த்தனா. ஓகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிகள் அழைத்த ஹர்த்தாலில் நாடு ஸ்தம்பித்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடவேண்டியதாயிற்று. ஒக்ரோபரில் டட்லி பதவி விலகினார். ஒரு கொத்து அரிசிக்கு 45 சதம் கூடுதலாகக் கொடுக்க மறுத்த சனங்கள் 'சிக்கனமாக வாழப் பழகுங்கள்' என்ற உபதேசத்தையும் சேர்த்தே நிராகரித்தார்கள். அதன் பின்னர் கால் நூற்றாண்டுக்கு எந்த அரசும் கூப்பனில் பயமின்றிக் கைவைக்கவில்லை. 1979இல் ஜே. ஆர். கூப்பனுக்குப் பதிலாக உணவு முத்திரையைக் கொண்டுவந்தபோது உத்தி மாறியிருந்தது. முத்திரையில் எழுதிய ரூபாய் அப்படியே இருக்க, விலைகள் ஏறின. ஒரே நாளில் செய்திருந்தால் இன்னொரு ஹர்த்தாலாகியிருக்கக்கூடியதைப் பணவீக்கம் மெல்ல மெல்லச் செய்து முடித்தது.

இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள 1970-77 காலம்தான் எங்களவரிடையே மிகவும் முரண்பட்ட நினைவுகளைக் கொண்டது. நான் அப்போது சிறுவன். பாண் கியூ, கூப்பன் அரிசியில் கல் பொறுக்குதல், அளந்து போட்ட சீனி ஆகியவை எனக்கு நினைவிருக்கின்றன. 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஒன்றாக ஏறின. கூப்பனில் கொடுத்தது குறைந்தது. அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டுத் தெருவில் பஸ்களை மறித்துப் பைகளைச் சோதித்தார்கள். ஆனால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனிடம் கேட்டால் அதே காலத்தைப் பொற்காலம் என்பான். வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் அவற்றின் உள்ளூர் விலை ஏறியது. செத்தல் மிளகாய் ஏற்றிய லொறிகள் கொழும்புக்குப் போயின. குடாநாட்டுத் தோட்டங்களில் நீரிறைக்கும் இயந்திரங்கள் முழங்கின. புதிய கல்வீடுகள் எழுந்தன. தரப்படுத்தல் மூலம் எங்கள் பிள்ளைகளின் பல்கலைக்கழக வாசலை ஒடுக்கிய அதே அரசாங்கம்தான் எங்கள் தோட்டக்காரரின் மடியை நிரப்பவும் செய்தது. இம்முரண்பாட்டை நேரே முகங்கொடுத்து எழுதிய தமிழ்த் தேசிய வரலாறுகள் அரிது.

இதைவிடவும் அரிதாக எழுதப்பட்டது இன்னொன்று. அதே ஆண்டுகளில் மலையகத்தில் மனிதர்கள் பசியினால் செத்தார்கள். 1974இல் நாட்டின் இறப்பு விகிதம் உயர்ந்தபோது, மிகக் கூடுதலாக உயர்ந்தது பெருந்தோட்டங்களிற்தான். காரணம் எளிது. கூப்பன் குறைந்தால் யாழ்ப்பாணத்தவனுக்கு ஒரு துண்டு நிலமும், வளவுக்குள் நாலு பனையும், வேலியில் ஒரு முருங்கையும் இருந்தன. தோட்டத் தொழிலாளிக்கு லயத்து அறையைத் தவிர எதுவுமில்லை. 1948இல் பிரசாவுரிமையும் அதையடுத்து வாக்குரிமையும் பறிக்கப்பட்டவர்கள் அவர்கள். தங்கள் கூப்பனைக் காப்பாற்ற வாக்குச் சீட்டும் இல்லை. கொழும்புச் சந்தையில் எங்கள் செத்தல் மிளகாய் நல்ல விலைக்குப் போன காலத்தில், அவர்கள் மாவைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுட் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து சேர்ந்தபோது எங்கள் வயல்களில் மலிவான கூலிகளானார்கள். 'எங்கள் சனம் எதையும் தாங்கும்' என்று நாம் சொல்லும்போது, தாங்காமற் போனவர்கள் எங்கள் 'சனம்' என்ற சொல்லுக்குள் அடங்குகிறார்களா? சிக்கனம் எனப்படுவது கையில் ஏதோ ஒன்றை வைத்திருப்பவருக்கே இயலும். ஒன்றுமில்லாதவர் எதை மிச்சம் பிடிப்பது?

1990 யூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் வந்த பொருளாதாரத் தடையை எங்களிற் பலர் உடலால் அறிந்தவர்கள். மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றறி, சவர்க்காரம், உரம் எனத் தடைப்பட்ட அல்லது மட்டுப்படுத்தப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் விட்டு விளக்கெரித்தோம். பனம்பழக் களியைக் கரைத்து உடுப்புத் தோய்த்தோம். சில துளி பெற்றோலில் இயங்கத் தொடங்கும் கார், பின்னர் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடியது. ஒடியற்பிட்டு, குரக்கன், முருங்கையிலை வறை, இலைக்கஞ்சி என்பன மறுபடி அடுப்பேறின. இந்தக் கண்டுபிடிப்புத் திறனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வரலாற்று மாணவனாக இரண்டு கேள்விகளைக் கேட்காமல் விடமுடியாது. முதலாவது, அந்த உழைப்பு யாருடையது? ஒடியலைக் காயவைத்து, இடித்து, அரித்து, கசப்புப் போக ஊறவைத்து, ஈர விறகை ஊதிப் பிட்டவிப்பதற்குச் செலவான மணித்தியாலங்களை எந்தக் கணக்கெடுப்பும் எண்ணவில்லை. எல்லோருக்கும் பரிமாறிய பின்னர் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிட்ட பெண்ணின் பசியையும் எண்ணவில்லை. இரண்டாவது, தட்டுப்பாட்டினால் எல்லோரும் ஒரே அளவாக வாடினார்களா? தடையைப் போட்டது அரசு. ஆனால் பதுக்கி விற்றவர்கள் எங்கள் கடைக்காரர்கள். உள்ளே வந்த பொருட்களுக்கு வரி அறவிட்டது இயக்கம். கொழும்பிலோ வெளிநாட்டிலோ ஒருவர் இருந்த வீட்டில் அங்கர் பால்மா இருந்தது. இல்லாத வீட்டில் தேயிலைச் சாயத்துடன் பனங்கட்டிதான். கூழின் பெருமையைப் பாடுவது தடையைப் போட்டவனின் குற்றத்தையும் தட்டுப்பாட்டில் உழைத்தவனின் குற்றத்தையும் ஒருசேர மன்னித்துவிடுகிறது.

இப்படியொரு பழங்கதையை வைத்திருப்பவர்கள் நாங்கள் மட்டுமல்ல. நாம் வாழும் இந்த நாட்டிடமும் ஒன்று உண்டு. 1940 நவம்பரில் பிறிற்ரிஷ் ட்றவ்கொட் வாலன் என்ற விவசாய நிபுணர் முன்வைத்த திட்டத்தின்படி, நாற்புறமும் போரால் சூழப்பட்ட சுவிஸ் தன் பயிர்நிலத்தை விரிவாக்கியது. பூங்காக்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் உருளைக்கிழங்கு நட்டார்கள். சூடான பாண் கூடுதலாகத் தின்னப்படும் என்பதால், சுட்டு ஒரு நாளாவது கழியாத பாணை விற்கக்கூடாதென்று சட்டம் வந்தது. பங்கீடு 1948 வரை நீடித்தது. இன்றும் வயதான சுவிஸ்காரர் இதைப் பெருமையோடு சொல்வார்கள். ஆனால் சுவிஸ் வரலாற்றாசிரியர்கள் பின்னர் கணக்குப் பார்த்தபோது, உணவில் தன்னிறைவு ஏறத்தாழ 52 சதவீதத்திலிருந்து 59 சதவீதம் வரைக்குமே உயர்ந்ததாகத் தெரிந்தது. போர் முழுவதும் இறக்குமதி தேவைப்பட்டது. உருளைக்கிழங்கு வயிற்றை நிரப்பியதோடு, தேசத்தின் மனத்தையும் சேர்த்து நிரப்பியது. இதனை இங்குள்ளவர்கள் எழுதியபோது தேசத்துரோகம் என்று கூச்சல் எழுந்தாலும் விவாதம் நடந்தது. ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். இங்கே பங்கீடு சட்டத்தால் எல்லோருக்கும் பொதுவாக வந்தது. கடும் உழைப்பாளிக்குக் கூடுதல் பங்கு இருந்தது. எமக்கோ எமது அரசே வாசலை அடைத்தது. இரண்டையும் 'சிக்கனம்' என்ற ஒரே சொல்லால் அழைப்பது தகாது.

மலிவுச் சந்தைக்கும் இங்கே ஒரு வரலாறு உண்டு. 1925 ஓகஸ்டில் கொற்லீப் டுற்வைலர் சூரிச்சில் ஐந்து லொறிகளில் மிக்றோவைத் தொடங்கியபோது விற்றவை ஆறு பொருட்கள்: கோப்பி, அரிசி, சீனி, மாவுப் பண்டங்கள், தேங்காய்க் கொழுப்பு, சவர்க்காரம். இடைத்தரகரை நீக்கி விலையைக் குறைத்தார். சிறு கடைக்காரர் எதிர்த்தனர். 1933இல் புதிய கிளைகள் திறப்பதைத் தடுக்கும் சட்டம் வந்து 1945 வரை நீடித்தது. சுவிஸ் தொழிலாளியின் மலிவான கோப்பியிலும் தேங்காய்க் கொழுப்பிலும் வெப்பமண்டலத் தோட்டக் கூலிகளின் வியர்வை கலந்திருந்தது. இங்கே மலிவு என்பதற்கு எங்கோ ஒருவர் விலை கொடுக்கிறார் என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை.

இன்று லோசானில் எம்மவர் செய்யும் சிக்கனத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம். தொழிற்சாலையில் பின்னேர வேலை முடித்து வருபவருக்குப் பாதி விலைச் சிவப்பு ஒட்டியைத் தேட நேரமில்லை, கடை பூட்டிவிடும். காலை வேலைக்காரர் மாலையில் அதைப் பிடித்துவிடுவார். சனிக்கிழமை றிப்பொன் சதுக்கச் சந்தையில் கலையும் நேரம் போனால் கத்தரிக்காயும் லீக்ஸும் இறங்கிய விலைக்குக் கிடைக்கும். நான்கு குடும்பம் சேர்ந்து மூட்டையாக அரிசியும் பருப்பும் வாங்கிப் பிரிப்பது சங்கக்கடையின் சிறு மறுபிறப்பு. கார் உள்ளவர் எல்லை கடந்து பொந்தாலியே போய்வருவார். அங்கும் தலைக்கு 1 கிலோ இறைச்சிதான் வரியின்றிக் கொண்டுவரலாம். 2025 தை முதல் வரியில்லாப் பெறுமதியும் 300 பிராங்கிலிருந்து 150 ஆகக் குறைக்கப்பட்டது. இங்கும் பழைய விதியே: நேரமும் காரும் குளிரூட்டிப் பெட்டியும் உள்ளவருக்கே மலிவு கிடைக்கிறது. அவை இல்லாதவர் சிறு பொதியாக, கூடிய விலைக்கு வாங்குகிறார். 2020 மே மாதத்தில் ஜெனீவாவின் வெர்னே மைதானத்தில் சுமார் 20 பிராங் பெறுமதியான உணவுப் பைக்காகக் கிலோமீற்றர் நீளத்துக்கு நின்றவர்களிற் பலர் விசா இல்லாத வீட்டு வேலைக்காரப் பெண்கள். வேலை நின்ற மறுவாரமே அவர்களுடைய சிக்கனம் தீர்ந்துபோனது.

2022இல் இலங்கையிலும் இதுவே திரும்ப நடந்தது. 2021இன் இரசாயன உரத்தடையும் அந்நியச் செலாவணி வற்றியதும் சேர்ந்து சந்தையைச் சிதைத்தபோது, உலக உணவுத் திட்டத்தின் கணிப்பில் மிக மோசமான உணவு நெருக்கடி காணப்பட்டது பெருந்தோட்டங்களிற்தான். 1974க்கும் 2022க்கும் இடையில் பிரசாவுரிமை கிடைத்தது, வாக்குரிமை கிடைத்தது, அமைச்சர் பதவிகளும் கிடைத்தன. நிலம் மட்டும் கிடைக்கவில்லை.

ஆகவே எனது வேண்டுகோள் இதுதான். கூழ் குடித்த பெருமையைச் சொல்பவர்கள் அந்தக் கூழை யார் காய்ச்சினார்கள், யாருக்கு அது எட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். எங்கள் தாய்மாரும் மூத்த சகோதரிகளும் இன்னும் இருக்கிறார்கள். 1973இல் ஒரு கிழமைக்கூப்பனை எப்படி ஏழு நாளுக்குப் பிரித்தார்கள், 1991இல் எதை விற்று எதை வாங்கினார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் சில சனிக்கிழமைகளும் போதும். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய மலையகக் குடும்பங்களிடமும் அதே கேள்விகளைக் கேட்கவேண்டும். இரண்டு பதில்களையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட இச்சஞ்சிகை இடம் தருமானால், வடக்கின் பொருளாதார வரலாறு பற்றிய எமது அடுத்த விவாதம் இப்போதையதைவிட நேர்மையானதாக இருக்கும்.