முனியாண்டி விலாஸ் யாருடைய பெயர்?

வனஸ்பதி என்று சொன்னால் நம் வயதுக்காரர்கள்கூட ஒரு கணம் யோசிப்பார்கள். டால்டா என்றால் உடனே புரிந்துவிடும். அது 1937-ல் விற்பனைக்கு வந்த ஒரு கம்பெனிச் சரக்கின் பெயர். கல்யாண வீட்டு விளக்கை எவர் செய்திருந்தாலும் பெட்ரோமாக்ஸ் என்றோம். அது ஒரு ஜெர்மன் கம்பெனி வைத்த பெயர். ஆஸ்பிரின் இப்படி ஊர் வாயில் புழங்கிப் புழங்கியே, பொதுமக்கள் வாங்கும் மாத்திரையைப் பொறுத்தவரை அமெரிக்காவில் தனியுரிமையை இழந்தது. நீதிமன்றம் அப்படித் தீர்ப்புச் சொன்ன ஆண்டு 1921.

இவை கம்பெனிப் பெயர்கள் ஊர்ச்சொத்தான கதைகள். ஊருக்குப் பொதுவான பெயரை ஒருவர் தனக்கு மட்டும் என்று பதிந்துகொள்ளலாமா என்பது இதன் மறுபக்கம். அதை யோசிக்க நாம் தூரம் போக வேண்டாம். கள்ளிக்குடிப் பக்கம் வடக்கம்பட்டி வரை போனால் போதும்.

அந்த ஊர்க்காரர் ஒருவர் 1930-களில் காரைக்குடியில் அசைவச் சாப்பாட்டுக் கடை திறந்து, குலசாமி முனியாண்டியின் பெயரை வைத்தார். கடை ஓடியது. உறவினர்களும் ஊர்க்காரர்களும் அதே பெயரில் ஊர் ஊராகக் கடை போட்டார்கள். இவை கிளைகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனி முதலாளி, தனிக் கல்லா. அன்றைய முதல் வாடிக்கையாளர் தரும் பணத்தைச் சாமிக்கென்று எடுத்து வைப்பது வழக்கம். வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரும் வடக்கம்பட்டியில் கூடி, சாமிக்குக் கிடா வெட்டி, வந்தவர்களுக்கெல்லாம் பிரியாணியைப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். பெயர் சாமியுடையது, கடைக்காரர் அதைக் கடன் வாங்கியவர். கலப்படக் கறி போட்டால் முனியாண்டி சும்மா விடமாட்டார் என்ற பயம்தான் அங்கே சட்டம்.

அரசாங்கச் சட்டமும் ஓரளவு இதையே சொல்கிறது. 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டப்படி, பொருளின் வகையையோ தரத்தையோ ஊரையோ மட்டும் குறிக்கும் சொல்லைச் சாதாரணமாகப் பதிய முடியாது. நெடுநாள் புழக்கத்தால் அந்தச் சொல் ஒரே வியாபாரியை அடையாளம் காட்டும் என்று நிரூபித்தால்தான் விலக்கு. நூடுல்ஸ் விற்கும் ஐ.டி.சி., 'மேஜிக் மசாலா' தன் சொல் என்று நெஸ்லே மீது வழக்குப் போட்டது. அது பொதுவான புகழ்ச்சிச் சொல், ஒருவர் சொந்தம் கொண்டாட முடியாது என்று 2020-ல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

சரியான தீர்ப்பு என்பேன். ஆனால் பொதுச்சொத்து என்று விட்டுவிட்டால் காவல் வேண்டாமா? சுங்குடியைப் பாருங்கள். துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி எடுப்பது சௌராஷ்டிர மக்கள் நம் ஊருக்குத் தந்த கைவேலை. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். அதே புள்ளிகளை அச்சில் அடித்து அதே பெயரில் விற்றால், முடிச்சுப் போடும் பெண்ணின் கூலிக்கு என்ன கதி?

இதற்காக வந்ததுதான் புவிசார் குறியீடு. சுங்குடிக்கு 2005-லும் மதுரை மல்லிக்கு 2013-லும் கிடைத்தது. இதில் பெயர் தனி முதலாளிக்குப் போகாது. அந்த வட்டாரத்தில் அந்தத் தொழிலை முறைப்படி செய்பவர்கள் எல்லோருக்கும் பொது. ஆனாலும் சான்றிதழ் தானாகப் போய்ப் போலியைத் தடுக்காது. உரியவர்கள் பதிவுசெய்து, பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து, போலியைக் கண்டால் வழக்காடவும் வேண்டும். முடிச்சுப் போடும் கைகளுக்கு அதற்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. அந்தச் செலவை அரசும் சங்கங்களும் ஏற்க வேண்டும்.

நம் பங்கும் ஒன்று உண்டு. சுங்குடி வாங்கும்போது, "இது முடிச்சுப் போட்டதா, அச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்குங்கள்.